பழைய 5 வோல்ட் ரெகுலேட்டர் சூடாகி நின்றுவிடுகிறது: பக் மாட்யூல் போடலாமா?

மேலூர் சர்வீஸ்:
வணக்கம். ஒரு கிளினிக்கின் டோக்கன் போர்டு வேலைக்கு வந்திருக்கிறது. பெரிய செவன் செக்மென்ட் எல்இடி எண்கள், கூடவே நம்பரைக் கூப்பிடும் சின்ன வாய்ஸ் போர்டும் ஸ்பீக்கரும். பவர் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அப்புறம் 5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி எல்எம்323, டிஓ-3 என்கிற அந்தப் பழைய இரும்பு உடம்பில். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. வெயில் ஏறினால் எண்கள் மங்கி அணைந்துவிடும், ஆறினால் தானே வரும். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் விசாரித்தேன், "அதெல்லாம் இப்ப வர்றதில்லையே" என்கிறார்கள். கிடைத்த ஒன்றைக் கையில் எடுத்தால் எடையே இல்லை, ஒரிஜினல் என்று நம்ப முடியவில்லை. எல்எம்2596 பக் மாட்யூல் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டைக் குறைக்கும் ஸ்விட்சிங் வகை) ஒன்று கையில் இருக்கிறது. அதையே போட்டுவிடலாமா?

உசிலை ரேடியோ:
எல்லா எண்ணிலும் 8 எரியும்போது ரெகுலேட்டருக்கு முன்னால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று அளந்து போடுங்கள். அது தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

மேலூர் சர்வீஸ்:
இன்புட் 11 வோல்ட், அவுட்புட் 5, கரண்ட் 1.8 ஆம்ப் அண்ணே. வாய்ஸ் போர்டுக்குத் தனியாக ஒரு 7805 (மூன்று கால் 5 வோல்ட் ரெகுலேட்டர்) இருக்கிறது, அதில் 50 மில்லி ஆம்ப்தான்.

திருமங்கலம் கிட்ஸ்:
7805 காலுக்குக் கால் பொருந்துகிற மூன்று கால் ஸ்விட்சிங் மாட்யூல் வருகிறது. ரெக்காம் ஆர்-78, டிராக்கோ டிஎஸ்ஆர்-1 மாதிரி. ஹீட் சிங்க்கே தேவையில்லை, போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

செல்லூர் பவர்சப்ளை:
நீங்கள் சொல்கிற அந்த டிராக்கோ 1 ஆம்ப்தான், இங்கே 1.8 போகிறது. அது ஆகாது.

தம்பி, கணக்கைப் பார். 11-இல் 5 போக மீதி 6 வோல்ட், 1.8 ஆம்ப். 10.8 வாட் அப்படியே சூடாகப் போகிறது. உன் ஹீட் சிங்க் ஒவ்வொரு வாட்டுக்கும் 4 டிகிரி சூடேறும் என்று வை, ஐசியின் உள்பக்கத்தையும் அதற்கு அடியில் வைக்கும் மைக்காத் தகட்டையும் சேர்த்தால் வாட்டுக்கு ஆறரை டிகிரி. ஆக 70 டிகிரி ஏறும். மதுரை மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் 55 சாதாரணம். கூட்டினால் 125, எல்எம்323-க்கு அதுதான் எல்லை. ஐசி கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது. ஒரிஜினலே கிடைத்துப் போட்டாலும் இதேதான் நடக்கும்.

பக் போட்டால் வெளியே 9 வாட், 85 சதவீதத் திறன் என்றால் உள்ளே சுமார் 10.6 வாட். வீணாவது ஒன்றரை வாட் சொச்சம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கரண்டும் 1 ஆம்ப் அளவுக்கு இறங்கிவிடும், அதுவும் குளிர்ந்து ஓடும். சின்ன 2596 மாட்யூலில் 3 ஆம்ப் என்று எழுதியிருப்பதை நம்பாதே, நாள் முழுக்க 2 ஆம்ப் என்றாலே கொதிக்கும். எக்ஸ்எல்4015 மாட்யூல் எடு. 5 ஆம்ப் போட்டிருப்பார்கள், உனக்கு 1.8 தாராளம்.

இரண்டு விஷயம் கவனி. ஒன்று, அந்த மாட்யூலில் உள்ள டிரிம்பாட், அதாவது அவுட்புட் வோல்ட்டைத் திருகி வைக்கும் சின்ன ரெசிஸ்டர். போர்டில் சேர்க்கும் முன் தனியாக வைத்து 5.0-க்குத் திருகு. திருகியபின் அளந்து, அதே மதிப்புக்கு நிலையான ரெசிஸ்டர் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. டிரிம்பாட்டின் நடுக்கால் தொடர்பு விட்டால் 11 வோல்ட் அப்படியே வெளியே வரும். 74 வரிசை லாஜிக் ஐசி எல்லாம் 7 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5.6 வோல்ட் ஜீனர், ஒரு எஸ்சிஆர், முன்னால் ஒரு ஃபியூஸ் என்று காவல் போட்டுவிடு; வோல்ட் ஏறினால் ஜீனர் எஸ்சிஆரைத் தூண்டும், எஸ்சிஆர் லைனை ஷார்ட் செய்யும், ஃபியூஸ் போய்விடும்.

இரண்டாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். டிஓ-3-இல் தெரிகிற கால் இரண்டு, இன்புட்டும் அவுட்புட்டும். மூன்றாவது கால் அந்த இரும்பு உடம்பேதான், 323-இல் அதுதான் கிரவுண்ட். சில போர்டுகளில் அதன் ஸ்க்ரூ வழியாகத்தான் கிரவுண்ட் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். ஐசியைக் கழற்றியதும் கெபாசிட்டர் மைனஸுக்கும் எல்இடி பக்க மைனஸுக்கும் நடுவே மீட்டரில் பீப் வருகிறதா பார்.

7805-ஐத் தொடாதே. 50 மில்லி ஆம்புக்கு 0.3 வாட், அதற்கு எதற்கு ஸ்விட்சிங்? ஆடியோவுக்கு இந்த மாதிரி ஸ்விட்சிங் இல்லாத லீனியர்தான் அழகு.

மேலூர் சர்வீஸ்:
அக்கா, பீப் வரவில்லை! ஸ்க்ரூ வழியாகத்தான் போயிருக்கிறது. மாட்யூலின் மைனஸ் இரண்டையும் அந்தச் சேசிஸ் போல்ட்டிலேயே சேர்த்தேன். போர்டு ஓடுகிறது, சூடே இல்லை. ஆனால் ஸ்பீக்கரில் "ஙீ…" என்று ஒரு சத்தம். நம்பர் மாறினால் சத்தமும் மாறுகிறது. மாட்யூல் இரைச்சலா? அவுட்புட்டில் கெபாசிட்டர் கூட்டிப் பார்க்கவா?

செல்லூர் பவர்சப்ளை:
மாட்யூல் ஓடுவது 180 கிலோஹெர்ட்ஸில், அது காதில் விழாது. நம்பரோடு மாறுகிறது என்றாயே, அதிலேயே விடை இருக்கிறது. எண்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி எரிய வைக்கிற கரண்ட், வாய்ஸ் போர்டின் கிரவுண்ட் வழியாகத் திரும்புகிறது. போல்ட்டை விடு. மாட்யூலின் இன்புட் மைனஸை 4700 கெபாசிட்டரின் மைனஸ் காலுக்கே தடித்த வயரில் கொண்டு போ. எல்இடி மைனஸ் மாட்யூல் அவுட்புட்டுக்கு. வாய்ஸ் போர்டு மைனஸ் தனி வயரில் அதே கெபாசிட்டர் காலுக்கு. சேசிஸுக்கு ஒரே ஒரு இடத்தில் தொடர்பு போதும்.

மேலூர் சர்வீஸ்:
சத்தம் போயே போச்சு. மதியம் பெட்டியை மூடி வைத்தே ஓட்டினேன், அணையவில்லை. அவுட்புட் 5.02. ரொம்ப நன்றி அக்கா.

உசிலை ரேடியோ:
கிளினிக்கில் யாராவது மீடியம் வேவ் கேட்பார்களா? மாட்யூலின் 180 கிலோஹெர்ட்ஸ் அலை அதன் மடங்குகளிலும் கசியும்; ஏழு மடங்கு 1260. மதுரை வானொலி 1269 கிலோஹெர்ட்ஸ். மாட்யூலின் அலைவரிசை லேசாக நகர்ந்தால் நேராக அதன் மேல் ஏறிவிடும். மாட்யூலுக்கு ஒரு தகர மூடி போட்டு, வயர்களில் ஃபெரைட் மணி கோர்த்துக் கொடுங்கள்.