ரூயிபோஸ் டீ: பால் ஊற்றிக் குடிக்கலாமா? சொல்கிற அளவுக்குப் பலன் உண்டா?

நாலுமணி_டீ:
அம்மாவுக்கு ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது, டீயைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆனால் சாயங்காலம் ஒரு டம்ளர் டீ உள்ளே போகாவிட்டால் அம்மாவுக்குத் தலைவலி, போனால் ராத்திரி தூக்கம் கிடையாது. தம்பி ரூயிபோஸ் என்று ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தான். வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துக் கொடுத்தேன். "என்னடி இது, மருதாணி அலசின தண்ணி மாதிரி" என்று ஒரே வாயோடு வைத்துவிட்டார். இதை எப்படிப் போடுவது? பால் சேருமா? சர்க்கரை, கொழுப்பு, தோல், முடி என்று பாக்கெட்டில் போட்டிருப்பதில் எது உண்மை? அப்புறம் இது உண்மையிலேயே டீதானா?

டிகாஷன்_பைத்தியம்:
இரண்டு நிமிடம் இதற்குப் போதவே போதாது. சாதாரண டீத்தூளை அதிக நேரம் கொதிக்கவிட்டால் கசந்துவிடும் என்று நமக்குக் கை பழகிவிட்டது, இதற்கு அந்தப் பயமே வேண்டாம். துவர்ப்பைத் தரும் டானின் இதில் குறைவு, எவ்வளவு கொதித்தாலும் துவர்ப்பு ஏறாது, நிறமும் மணமும்தான் கூடும். நான் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குவித்து ஒரு டீஸ்பூன் போட்டு, ஒரு துண்டு இஞ்சியையும் தட்டிப் போட்டு, சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுவேன். செங்கல் நிறம் தாண்டிக் கருஞ்சிவப்பாகத் திரளும்போதுதான் பால். இஞ்சி முதலிலேயே தண்ணீரில் வெந்துவிடுவதால் பால் திரியாது. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், இதற்கே லேசான இனிப்பும் தேன் வாசமும் உண்டு. இன்னொன்று, தூள் ஊசி ஊசியாகச் சன்னமாக இருக்கும், டீ வடிகட்டியில் நழுவி அடியில் மண்டிவிடும். துணியில் வடிகட்டுங்கள்.

கேப்டவுன்வாசி:
வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில், ரூயிபோஸ் விளைகிற நாட்டிலேயே இருக்கிறேன், அதனால் டீதானா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக.

தேயிலைச் செடிக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது அவரை, துவரை குடும்பத்துப் புதர். கேப்டவுனுக்கு வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் கிளான்வில்லியம் என்று ஊர், பக்கத்தில் சீடர்பர்க் மலை. அந்த வட்டாரத்து மணல் மண்ணில்தான் விளைகிறது. கோடையில் புதரை அரிவாளால் அறுத்துக் கட்டி வருவார்கள், வரும்போது பச்சைதான். பொடிப்பொடியாக நறுக்கி, நசுக்கி, தண்ணீர் தெளித்துக் குவியலாக ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் உள்ளே சூடேறி, காற்றுப் பட்டு, காலைக்குள் சிவந்துவிடும். பிறகு திறந்த களத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். காய்கிற களத்தின் பக்கம் போனால் வெல்லமும் காய்ந்த வைக்கோலும் கலந்த ஒரு வாசம் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். சிவக்க விடாமல் உடனே காயவைத்தால் அது பச்சை ரூயிபோஸ், கொஞ்சம் புல் வாசம், விலையும் அதிகம்.

மலையில் காடாக விளைந்ததைப் பறித்துக் குடித்தவர்கள் இந்த மண்ணின் ஆதிகுடிகளான கோய், சான் மக்கள். 1904இல் பெஞ்சமின் கின்ஸ்பர்க் என்ற வியாபாரி அதை வாங்கி வெளியே விற்க ஆரம்பித்தார். தோட்டப்பயிராக வளர்க்க முடியாமல் இருந்தது, விதை முளைக்காது, காய் முற்றினால் வெடித்துத் தெறித்துவிடும். 1930களில் நோர்ட்டியர் என்ற டாக்டர்தான் விதையைக் கல்லில் உரசித் தோலைக் கீறிவிட்டால் முளைக்கும் என்று வழி கண்டார். விதை தேடிப் போன ஒரு கோய் கிழவி எறும்புப் புற்றில் குவியலாகக் கண்டெடுத்தாள் என்று இங்கே ஒரு கதையும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆசியத் தேயிலை வரத்து குறைந்ததும் இதற்கு மவுசு ஏறியது. இத்தனைக்கும் அந்த ஆதி மக்களுக்கு ஒரு பங்கு என்று ஒப்பந்தம் போட்டது 2019இல்தான், அதுவும் பண்ணை விலையில் 1.5 சதவீதம். அதையும் பெரிய மனசு மாதிரி பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.

உணவியல்_மாணவி:
பலன் விஷயத்தில் பாக்கெட்டை நம்பாதீர்கள் சகோ. உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டுதான்: கஃபீன் கிடையாது, டானின் குறைவு. உங்கள் அம்மாவுக்கு வேண்டியதும் அதுவே. கறுப்புத் தேநீரின் டானின் கீரை, பருப்பில் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரூயிபோஸில் அந்தத் தொல்லை வெகு குறைவு. ஆனால் பாலில் உள்ள கால்சியமும் இரும்புக்கு இடைஞ்சல்தான். அதனால் பால் ஊற்றினால் மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

கொழுப்புக்கு 2011இல் தென்னாப்பிரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. இதயநோய் அபாயம் உள்ள 40 பேர் தினமும் 6 கோப்பை வீதம் 6 வாரம் குடித்தார்கள், கெட்ட கொழுப்பு இறங்கி நல்லது ஏறியது. நல்ல செய்திதான், ஆனால் நாற்பது பேரை வைத்து யாரும் கொழுப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரூயிபோஸில் உள்ள அஸ்பலதின் என்ற பொருளை வைத்துச் சர்க்கரைக்கு நல்லது என்பதெல்லாம் பெரும்பாலும் எலியிலும் ஆய்வுக்கூடத்திலும் பார்த்தது. அதுவும் சிவக்க வைக்கும்போது பெரும்பகுதி போய்விடும். தோல், முடி பற்றிப் பேசவே வேண்டாம்.

அம்மாவின் தலைவலி கஃபீன் பழக்கத்தால் வருவதாக இருக்கலாம். அப்படியானால் ரூயிபோஸ் அதைத் தீர்க்காது. டீயை ஒரே நாளில் நிறுத்தாமல், பாதி டீத்தூள் பாதி ரூயிபோஸ் என்று ஆரம்பித்து டீத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

நாலுமணி_டீ:
எல்லாருக்கும் நன்றி. பாதிப் பாதி யோசனை அம்மாவிடம் எடுபடும், என்ன கலந்தேன் என்று சொல்லாமல் இருந்தால். இது மலைப்பயிர் என்றால் ஊட்டியில் ஏன் யாரும் போடவில்லை?

கேப்டவுன்வாசி:
மலை மட்டும் போதாது. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை முழுக்க வறட்சி. சத்தில்லாத புளிப்பு மணலில் ஆழமாக வேர் விட்டு, வேரிலுள்ள பாக்டீரியா துணையோடு பிழைக்கிற செடி அது. நீலகிரியில் கோடையிலேயே பருவமழை கொட்டும், வேர் அழுகிவிடும். வேறு நாடுகளிலும் முயன்று பார்த்திருக்கிறார்கள், வியாபாரமாக எங்கும் நிற்கவில்லை. 2021இல் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தப் பெயருக்கு இடம்சார்ந்த பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. வேறு ஊரில் விளைத்தாலும் அந்தப் பெயரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது.