நற்கருணைச் சிமிழ் முதல் துவைக்கும் பேசின் வரை: பங்குப் பணியில் இருப்பவர்கள் பார்த்தவை

நற்கருணைப் பணியாளர்:

நோயாளிகளுக்கு நற்கருணையை, அதாவது கத்தோலிக்கப் பூசையில் (திருப்பலியில்) கிறிஸ்துவின் உடலாகும் அப்பத்தை, சிமிழ் என்னும் சிறு பெட்டியில் கொண்டுபோகும் பணியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கோயிலிலிருந்து கிளம்பினால் நேரே நோயாளியின் வீடுதான். வழியில் கடை, வங்கி, நண்பர் வீடு எதுவும் கிடையாது. 2004-இல் வெளிவந்த உரோமை (வத்திக்கான்) அறிவுரையும் இதையே சொல்கிறது. காரணம் எளிது: சிமிழில் இருப்பவர் யார் என்பதை நம் கால்கள்கூட மறந்துவிடக் கூடாது.

முதல் நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, நோயாளியோடு வேறு யாரெல்லாம் வாங்குவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கைக்குத்தான் அப்பம் எடுக்க வேண்டும். "இருக்கட்டும்" என்று நாலைந்து கூடுதலாக எடுத்தால், மிச்சம் சிமிழோடு பையில் தங்கிவிடும். அது நடக்கவே கூடாது. மிஞ்சியதை, நற்கருணை வாங்கத் தகுந்த நிலையில் நீங்கள் இருந்தால் நீங்களே உட்கொள்ளலாம், அல்லது நேரே கோயிலில் நற்கருணை வைக்கும் பேழைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் நோன்பைப் பற்றிப் பல வீடுகளில் பயம் இருக்கிறது. "இப்பதான் மாத்திரை போட்டு கஞ்சி குடிச்சாங்க" என்று மகள் தயங்கி நிற்பார். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அந்த நோன்பு இல்லை என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 919-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. இதைச் சொன்னதும் அந்த மகளின் முகம் தெளிவதைப் பார்க்கலாம். பல மாதங்களாக அவரும் வாங்காமல் இருந்திருப்பார்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. மெத்தையிலும் போர்வையிலும் ஆக்சிஜன் ஊறியிருக்கும், ஒரு பொறி போதும். பேட்டரி விளக்கு வைத்தால் வழிபாட்டுக்கு ஒரு குறையும் வராது. கையில் சானிடைசர் போட்டால் முழுவதும் காயும் வரை அப்பத்தைத் தொடாதீர்கள்.

நின்றபடி ஜெபிக்க வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரின் கண் மட்டத்துக்கு வாருங்கள். நற்செய்தியிலிருந்து மூன்று நான்கு வசனம் போதும். மறதி நோய் உள்ளவர்களிடம் புதிய மொழிபெயர்ப்பு ஜெபங்கள் எடுபடாது. பிள்ளையின் பெயரே நினைவில்லாதவரிடம் "பிதாவே, உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக" என்று பழைய பாடத்தை மெதுவாகத் தொடங்குங்கள். இரண்டாவது வரியில் உதடு அசையும், நான்காவது வரியில் குரலே வந்துவிடும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு அவரை முந்திவிடாதீர்கள்.

நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் திருச்சடங்கு, நம் பணி அல்ல, அது குருவுக்கு மட்டும் உரியது. உடல்நிலை மோசமாகிறது என்று தெரிந்தால் அன்றே பங்குத்தந்தைக்குச் சொல்லுங்கள். கடைசி மூச்சுக்குக் காத்திருப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

—

திருப்பண்ட அறைப் பணியாளர்:

அக்கா சிமிழைச் சொல்லிவிட்டார்கள், நான் துணிகளைச் சொல்கிறேன். பீடத்தின் நடுவில் விரிக்கும் திருமேனித் துகிலையும், திராட்சை இரசக் கிண்ணம் துடைக்கும் துணியையும் நேரே வாஷிங் மெஷினில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. முதல் அலசல் கையால்தான், தனி பேசினில், சோப்பு இல்லாத பச்சைத் தண்ணீரில். அதில் நற்கருணைத் துகள் இருக்கலாம் என்பதால் அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. மண்ணுக்குள் இறங்கும் திருத்தொட்டி இருந்தால் அதில், இல்லையென்றால் யாரும் மிதிக்காத செடி மூட்டில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு சாதாரணத் துணியைப் போல் துவைக்கலாம்.

திராட்சை இரசக் கறைக்கு வெந்நீர் விட்டால் கறை நூலோடு பிடித்துக்கொள்ளும். அன்றைக்கே குளிர்ந்த தண்ணீரில் ஊறவையுங்கள். உதட்டுச் சாயத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரல் நுனியால் தேய்த்தால் போதும். கிண்ணம் துடைக்கும் துணிக்குக் கஞ்சி போடவே போடாதீர்கள், ஈரத்தை உறிஞ்சாது. திருமேனித் துகிலுக்கு மெல்லிய கஞ்சி நல்லது.

அதை மடிப்பதில் ஒரு முறை உண்டு. கீழ் மூன்றில் ஒரு பங்கை மேலே, மேல் பங்கை அதன் மேல், பிறகு வலது, இடது. விரித்தால் ஒன்பது சதுரம் தெரியும். துகள் ஏதும் இருந்தால் உள்ளேயே தங்கத்தான் இந்த மடிப்பு. ஆகவே திருப்பலி முடிந்ததும் தூக்கி உதறினால் மடித்ததற்கே அர்த்தமில்லை.

மெழுகு சிந்தினால் சூடாக இருக்கும்போது துடைக்காதீர்கள், பரவும். நன்றாக இறுகவிட்டு நகத்தால் பெயர்த்தெடுங்கள். மீதிக்கு மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். தாள் எண்ணெய் குடித்ததுபோல் ஆனதும் மாற்றுங்கள். அச்சடித்த தாள் வேண்டாம், மை துணியில் இறங்கிவிடும்.

—

வாசகர் (திருப்பலியில் வேத வாசகம் படிப்பவர்):

ஞாயிறு காலையில் தவறான ஆண்டின் வாசகம் திறந்திருப்பது எல்லாப் பங்கிலும் நடக்கிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். எந்த ஆண்டு என்று அறிய, வருட எண்ணை மூன்றால் வகுத்துப் பாருங்கள். மீதி 1 என்றால் முதலாம் ஆண்டு, மத்தேயு. 2 என்றால் இரண்டாம் ஆண்டு, மாற்கு. மீதி இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு, லூக்கா. 2026-ஐ வகுத்தால் மீதி 1. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலேயே அடுத்த வருடக் கணக்கு தொடங்கிவிடும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்கால வார நாள்களுக்குக் கணக்கு வேறு. ஒற்றைப்படை வருடத்துக்கு ஒரு முதல் வாசகம், இரட்டைப்படைக்கு வேறொன்று, நற்செய்தி மட்டும் மாறாது.

"முதல் வாசகம்" என்ற தலைப்பையும், அதன் கீழ் உள்ள சுருக்க வரியையும் வாசிக்கக் கூடாது. "வாசகம்" என்று தொடங்கும் வரியிலிருந்துதான் ஆரம்பம். கடைசி வசனத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நொடி நின்று, அதன் பின் "ஆண்டவரின் அருள்வாக்கு" சொல்லுங்கள். ஒட்டிச் சொன்னால் அதுவும் வசனத்தின் பகுதி மாதிரி கேட்கும்.

பெந்தக்கோஸ்து ஞாயிறு, பார்த்தர், மேதியர், எலாமியர் என்று வரும் பட்டியலில் குரல் தடுமாறும். பென்சிலால் மூன்று மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டு, வீட்டில் வாய்விட்டு ஐந்து முறை படித்துவிட்டு வாருங்கள். பவுலின் நீண்ட வாக்கியங்களுக்கும் இதே மருந்து. எபேசியர் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். எங்கே மூச்சு வாங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதவர் நடுவில் திணறுவார், கேட்பவர்களும் பவுலைத் தவறவிடுவார்கள்.

—

காணிக்கை எண்ணுபவர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். குறைந்தது மூன்று பேர், அதில் இருவர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. காணிக்கைப் பெட்டி பீடத்திலிருந்து எண்ணும் அறைக்கு வரும் வழியிலும் ஒருவர் மட்டும் கையில் இருக்கக் கூடாது. உறையைப் பிரித்த உடனே மேலே எழுதியிருக்கும் தொகையோடு உள்ளே இருப்பதை ஒப்பிடுங்கள், குவியலில் கலந்தபின் முடியாது. ஒருவர் எண்ணியதை இன்னொருவர் முதல் எண்ணிக்கையைப் பார்க்காமல் எண்ண வேண்டும். பொருந்தினால் மூவரும் கையெழுத்து. இது யார்மீதும் சந்தேகம் அல்ல. நல்ல மனிதர்மேல் பழி விழாமல் காப்பாற்றும் வேலி.

—

நற்கருணைப் பணியாளர்:

விழுங்கச் சிரமப்படும் நோயாளிக்கு நற்கருணை எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள்: தண்ணீர் இறங்குகிறதா, கெட்டியாக்கிய பானம்தானா? ஆளை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாய் சற்றே கீழே இருக்கும்படி பாருங்கள். அப்பத்தில் கால்வாசிக்கும் குறைவான துண்டு போதும், கிறிஸ்து அதில் முழுமையாகவே இருக்கிறார். கொடுத்தபின் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உடனே படுக்கவைக்க வேண்டாம்.

கோதுமைப் பசைச்சத்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அது மிகக் குறைவாக உள்ள அப்பம் செல்லும். அறவே இல்லாதது செல்லாது என்று உரோமை 2003-இலும் 2017-இலும் எழுதியிருக்கிறது. அந்த அப்பத்துக்குத் தனிச் சிமிழ் வேண்டும். மற்ற அப்பங்களின் துகள் பட்டால்கூட அவருக்கு வயிற்று உபாதை வரும்.

துப்பிவிட்டால் பதற வேண்டாம், குடும்பத்தாரையும் பதறவிட வேண்டாம். வெள்ளைத் துணியில் எடுத்து, சின்னப் பாத்திரத் தண்ணீரில் போட்டு மூடி, கோயிலுக்குக் கொண்டுவாருங்கள். முழுவதும் கரைந்தபின் திருப்பண்ட அறைத் தம்பி சொன்ன அதே திருத்தொட்டியில் ஊற்றலாம். அடுத்த வாரப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடாதீர்கள். வாங்க முடியாத வாரத்திலும் போய் உட்கார்ந்து, அந்தப் பழைய ஜெபத்தைத் தொடங்கிவைக்கலாம்.