ஜெபத்தோடு வீட்டுக்குள் வந்த ஆபத்து: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

பாளையங்கோட்டை அக்கா

இருபது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவள் நான். "துன்மார்க்கருடைய ஆலோசனையில் நடவாமலும், பாவிகளுடைய வழியில் நில்லாமலும்" என்று முதலாம் சங்கீதத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். துன்மார்க்கர் என்றதும் என் மனசில் வந்து நிற்பது டாஸ்மாக் வாசலில் நிற்கிற கூட்டம்தான். வெள்ளைச் சேலை கட்டி, பைபிளை மார்போடு அணைத்து, "ஸ்தோத்திரம் அக்கா" என்று கேட்டைத் திறந்து வருகிறவரை அந்த வசனத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

2017-ல் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். அப்போதுதான் அந்தச் சகோதரி வர ஆரம்பித்தார். எங்கள் சபை இல்லை, தெரிந்தவர்கள் மூலம் வந்தவர். முதல் இரண்டு மாதம் அவர் செய்ததை இப்போதும் குறை சொல்ல மாட்டேன். கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். நான் தூங்கட்டும் என்று இரவில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தார். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அரைமணி நேரத்தில் கிளம்பிப்போன காலம் அது. இவர் மட்டும் இருந்தார்.

மூன்றாவது மாதம் தரிசனம் வந்தது. "உங்க வீட்டைச் சுத்தி ஒரு கறுப்பு நூல் தெரியுது. உங்க வீட்டுக்காரர் பக்கத்துப் பொம்பளை ஒருத்தி கையில அதோட முனை இருக்கு." என் வீட்டுக்காரருக்கு இருப்பது ஒரே அக்கா, எங்கள் மதினி. அதற்கு முந்தின வருடம்தான் தோப்புப் பங்கு விஷயத்தில் எங்களுக்குள் வார்த்தை தடித்திருந்தது. பேரைச் சொன்னது அந்தச் சகோதரி இல்லை, நான். என் மனசில் ஏற்கெனவே கிடந்த கசப்பின் மேல் அவர் தேவ முத்திரை குத்திக் கொடுத்தார், அவ்வளவுதான். மதினி வந்தால் கதவைத் திறக்காதே என்றார். நானும் திறக்கவில்லை. ஒருநாள் அவர்கள் டிபன் கேரியரோடு வெயிலில் நின்று, பெல் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அப்புறம் "விதைப்பு" என்று காணிக்கையாக இரண்டு பவுன் வளையல் போனது. அதைவிட மோசம், "மருந்தைக் குறைத்து விசுவாசத்தைக் கூட்டுங்கள்" என்ற பேச்சு. ஒன்பது நாள் பிரஷர் மாத்திரை கொடுக்காமல் இருந்தேன். லீவுக்கு வந்த மகள் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைச் சத்தம் போட்டாள். அன்று இரத்த அழுத்தம் 190-ல் நின்றது. இரண்டாவது அட்டாக் வராமல் போனது தேவ கிருபை. மகள் எண்ணிப் பார்த்ததையும் அந்தக் கிருபையில்தான் சேர்க்கிறேன்.

வெளுத்தது எப்படி என்றால், பக்கத்துத் தெரு ஆசிரியை ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுலயும் ஒரு கறுப்பு நூல் இருக்காம்" என்றார். நூல் அதே நூல். முனையைப் பிடித்திருந்த ஆள்தான் வேறு. அங்கே ஓரகத்தி!

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா? எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள்?

துபாய் ரிட்டர்ன்

அக்கா, உங்களுக்காவது நூல். எங்களுக்கு வெறும் சாட்சிதான்.

2014-ல் துபாயில் பெட் ஸ்பேஸில் இருந்தேன், ஒரு ரூமில் எட்டுப் பேர். அப்போது அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை, 2022-ல்தான் சனி ஞாயிறுக்கு மாற்றினார்கள். ஆகவே எங்களுக்கு வெள்ளிதான் ஞாயிறு. ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று ஆராதனை நடக்கும். வாரம் முழுக்கத் தமிழ்ப் பாட்டு கேட்காதவனுக்கு அந்த இரண்டு மணி நேரம் ஊருக்குப் போய்வந்த மாதிரி. அந்த ஏக்கம்தான் வாசல்.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் பேசுவார். எதையும் விற்க மாட்டார். "ஆண்டவர் என்னை எப்படி உயர்த்தினார்" என்று சாட்சிதான் சொல்வார். மூன்றாவது வெள்ளிக்கிழமை நானே கேட்டேன், "அண்ணே, எனக்கும் சொல்லுங்க" என்று. ஆறாயிரம் திர்ஹாம் கட்ட வேண்டும், மூன்று பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஆளுக்கு மூன்று பேர்.

நான் பி.காம். கணக்கு தெரியாதவன் இல்லை. மூன்று, ஒன்பது, இருபத்தேழு என்று போனால் பத்தாவது வரிசைக்கு 59,049 பேர் வேண்டும். எங்கள் ஆராதனைக்கு வந்தவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். அதை நான் உட்கார்ந்து பெருக்கிப் பார்க்கவில்லை. அவர் ஜெபித்துவிட்டுத் தொடங்கியதால், பெருக்கிப் பார்ப்பதே அவிசுவாசம் போலப்பட்டது. இந்தியாவில் இப்படி ஆள் சேர்க்கிற பணச் சுழற்சித் திட்டத்துக்கு 1978-லேயே தடைச் சட்டம் இருக்கிறது என்பது பணம் போன பிறகுதான் தெரிந்தது.

என் பணம் போனதைக்கூட விடுங்கள். நான் என் மச்சானைச் சேர்த்துவிட்டேன். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்திருந்த காசு.

புகார் கொடுக்கலாம் என்று நாங்கள் நாலு பேர் கிளம்பியபோது ஒரு மூத்த விசுவாசி பவுல் எழுதிய கொரிந்தியர் நிருபத்தை எடுத்து, சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போகலாமா என்று வாசித்தார். நாங்கள் அடங்கிப்போனோம். அந்த அதிகாரத்தில் அதே பவுல் "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள்" என்று எழுதியிருப்பதை யாரும் அந்த அண்ணனுக்கு வாசித்துக் காட்டவில்லை. இப்போது நான் ஒன்றே ஒன்று செய்கிறேன். யார் பணம் பற்றிப் பேசினாலும், "சரி அண்ணே, எழுதிக் கொடுங்க" என்பேன். பாதிப் பேர் அத்தோடு காணாமல் போய்விடுகிறார்கள்.

நைட் டியூட்டி

நான் நர்சிங் மூன்றாம் வருடம் படித்தபோது வாலிபர் ஐக்கியத்தில் ஒருவர். நன்றாகப் பாடுவார், கிட்டார். ஒருநாள் ரீட்ரீட்டில் தனியாகக் கூப்பிட்டு, "நீதான் என் மனைவி என்று ஆண்டவர் காண்பித்தார்" என்றார். எனக்கு அவர்மேல் விருப்பம் இருந்ததா இல்லையா என்று யோசிக்கவே இடம் இல்லாமல் போனது. வேண்டாம் என்றால் அவரை மட்டுமா மறுக்கிறேன்? ஆண்டவரையே மறுக்கிற மாதிரி அல்லவா ஆகிறது!

இரண்டு வருடம். காலை ஐந்து மணிக்கு "சேர்ந்து ஜெபிக்கலாம்" என்று வீடியோ கால். அது ஜெபம் இல்லை, நான் ஹாஸ்டலில்தான் இருக்கிறேனா என்று பார்க்கிற ரோல் கால். இன்ஸ்டா பாஸ்வேர்டு கேட்டார், "நமக்குள் இருட்டு கூடாது" என்று. என் ரூம்மேட் முஸ்லிம் பெண், அவளோடு சாப்பிடாதே என்றார். பிறகு அவளோடு பேசாதே. பிறகு என் சித்தி "ஆவிக்குரியவர் இல்லை", அவர்களிடம் எதுவும் சொல்லாதே. நான் அழுதால், மனைவிமார் கீழ்ப்படிய வேண்டும் என்று வசனம் வரும். நாங்கள் கல்யாணமே செய்யவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

என்னைக் காப்பாற்றியது எங்கள் ஐயரம்மா, சபைப் போதகரின் மனைவி. பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. காய் நறுக்கிக்கொண்டே முழுக்கக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "ஆண்டவர் அவனுக்குச் சொன்னார், சரி. உனக்கு ஏன் சொல்லல? உன் அட்ரஸ் அவருக்குத் தெரியாதா?" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அந்த விஷயத்தைப் பற்றி நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஆதியாகமம் 24-ஐ எடுத்துக் காட்டினார்கள். ஈசாக்குக்குப் பெண் பார்க்க வந்த ஊழியக்காரன் ஜெபித்து, அடையாளம் கேட்டு, அது அப்படியே நடந்தும்கூட, ரெபெக்காளின் வீட்டார் "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்" என்கிறார்கள். அவளே "போகிறேன்" என்று சொன்ன பிறகுதான் ஒட்டகம் கிளம்புகிறது. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை என்பது அந்த அடுக்களையில்தான் எனக்கு உறைத்தது.

விட்டு வருவது ஒரே நாளில் நடக்கவில்லை. ஆறு மாதம் மெசேஜ், மிரட்டல், "உன்மேல் சாபம் வரும்". ஐயரம்மா என் அப்பாவிடம் தானே பேசினார்கள். அந்த முஸ்லிம் ரூம்மேட்தான் முதல் இரண்டு வாரம் என்னோடு பஸ் ஸ்டாப் வரை வந்தாள்.

மார்த்தாண்டத்துக்காரன்

எல்லாரும் உள்ளே வந்தவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் வெளியே தள்ளப்பட்டவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு கூட்டாளி, இந்துப் பையன். ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொட்டகையில் உட்கார்ந்து படிப்போம். எங்கள் வீட்டில் "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்ற வசனத்தை வைத்து அவனை நிறுத்தினார்கள். அம்மையே அவனிடம், "மக்கா, இனி இங்க வரண்டாம்" என்று சொன்னது. அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதே வருடம் சபைக்கு வருகிற பையன்களோடுதான் நான் முதல் பீடி பிடித்தேன். அவர்களை யாரும் நிறுத்தவில்லை, பாடகர் குழுவில் இருந்தார்கள் அல்லவா!

2021-ல் அப்பாவுக்குக் கொரோனா வந்தபோது ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்து கொண்டுவந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் எச்சரிக்கை என்றால் வேறு மதத்துக்காரன், வேறு சாதிக்காரன் என்று முடிந்துவிடுகிறது. சாதியைச் சொல்ல வெட்கப்பட்டு வசனத்தைச் சொல்கிற வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். இந்த அக்காவின் கதையிலும் அந்தத் தங்கச்சியின் கதையிலும் ஆபத்து வந்தது எந்த வாசல் வழியாக என்று பாருங்கள்.

ஓய்வுபெற்ற உபதேசியார்

மார்த்தாண்டத்துத் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று முதலாம் கொரிந்தியரில் பவுல் எழுதினாரே, அந்த வரி அவருடைய சொந்த வரி அல்ல. மெனாண்டர் என்ற கிரேக்க நாடகாசிரியனுடையது என்று பழங்காலத்திலிருந்தே சொல்கிறார்கள். கெட்ட சகவாசத்தைப் பற்றி எச்சரிக்கவே அப்போஸ்தலன் ஒரு புறஜாதியானிடம் வார்த்தை கடன் வாங்கியிருக்கிறார்! அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், கலந்திருக்கக்கூடாது என்று தான் எழுதியது உலகத்தாரைக் குறித்து அல்ல, சகோதரன் என்று பேர் வைத்துக்கொண்டு அப்படி நடக்கிறவனைக் குறித்தே என்று தெளிவாக விளக்குகிறார். அப்படியில்லாவிட்டால் நாம் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்கிறார். நாம் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டோம்.

பாளையங்கோட்டை மகள் கேட்ட கேள்வி புதியது அல்ல. ஆதிச் சபைக்கும் இதே தொல்லை இருந்தது. திதாகே என்று ஒரு பழைய போதனை நூல் உண்டு. அதன் கையெழுத்துப் பிரதி 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கிடைத்து, 1883-ல் அச்சானது. ஊர் ஊராக வருகிற ஊழியரை எப்படி அளப்பது என்று அதில் இருக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் நின்று "எனக்குக் காசு கொடு" என்பவனுக்குச் செவிகொடாதே, வறுமையில் இருக்கிற பிறருக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்தாதே என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த அளவுகோலை நம் ஊர்க் கன்வென்ஷன் பந்தலுக்குக் கொண்டுபோனால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று நான் சொல்லப்போவதில்லை.

முப்பத்தோரு வருட ஊழியத்தில் நான் கவனித்தது: கெடுக்க வருகிறவர் முதலில் பணம் கேட்பது அபூர்வம். முதலில் கேட்பது ஒரு ஆளை. "அவரோடு பேசாதே" என்பார். மதினியோ, சித்தியோ, ரூம்மேட்டோ, சபை ஐயரோ, யாரோ ஒருவர். பணம் அதற்குப் பிறகு தானாகப் போகும். ஆனால் துபாய்த் தம்பியின் அண்ணன் யாரையும் பிரிக்கவில்லை, சேர்த்துத்தான் விட்டார். ஆகவே இதையும் சட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

துபாய் ரிட்டர்ன்

ஐயா, பிரித்தார். மச்சான் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. கடைசியில் வந்த பலன் அதுதான்.

நைட் டியூட்டி

பாளையங்கோட்டை அக்கா, மதினி என்ன ஆனார்கள்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பாளையங்கோட்டை அக்கா

வேண்டுமென்றேதான் விட்டேன்மா. வெட்கம்.

மூன்று வருடம் பேசவில்லை. 2020 கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து ஊசிக்கோபுரச் சர்ச் வாசலில் கூட்டத்தில் எதிரெதிராக வந்துவிட்டோம். இரண்டு பேர் முகத்திலும் மாஸ்க். தெரியாத மாதிரி போயிருக்கலாம். மதினிதான் நின்று, "தம்பி கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்க எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "வீட்டுக்கு வாங்க மதினி" என்பது மட்டும்தான். மறுநாள் வந்தார்கள், அதே டிபன் கேரியர். கறுப்பு நூலைப் பற்றி நான் இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை. ஏன் கதவைத் திறக்கவில்லை என்று அவர்களும் கேட்கவில்லை. தோப்புப் பிரச்சினை தீரவில்லை, அது வேறு கதை. வீட்டுக்காரர் இடது கையால் எழுதப் பழகிவிட்டார்.

வளையல் போனது போனதுதான். திருப்பிக் கேட்டதற்கு, கர்த்தருக்குக் கொடுத்ததைக் கேட்கக்கூடாது என்று பதில் வந்தது. ஆனால் அந்தச் சகோதரி இன்றைக்கும் தினமும் காலை ஐந்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் பூப் படத்தோடு ஒரு வாக்குத்தத்த வசனம் அனுப்புகிறார். வசனம் என்பதால் பிளாக் பண்ண மனசு வரவில்லை.

நைட் டியூட்டி

அக்கா! போனை எடுங்க. இப்பவே. வசனம் உங்க பைபிள்லயே இருக்கு.

பாளையங்கோட்டை அக்கா

எங்கே அமுக்க வேண்டும் என்று தெரியவில்லை. சாயங்காலம் மகள் வரட்டும்.