குறைந்த செலவில் வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின்: 15 பாரா, 20 பாரா, கை லீவரா?

புதுக்கோப்பை
வணக்கம். வீட்டில் தினம் மூன்று நான்கு கோப்பை எஸ்பிரெசோ போட மெஷின் தேடுகிறேன். பாதி கறுப்பாக, பாதி பாலோடு. பெரிய தொகை ஒதுக்க முடியாது. பார்த்து வைத்திருப்பவை: கண்ணாடி ஜாடியோடு, மேலே திருகு மூடி போட்ட குட்டி மெஷின், இதுதான் இருப்பதிலேயே மலிவு, பெட்டியில் "15 பார்" (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்று போட்ட ஒன்று, ஏறக்குறைய அதே விலையில் "20 பார்" ஒன்று, கரன்டே இல்லாமல் கையால் அழுத்தும் லீவர். 20 பார் என்றால் 15-ஐ விட நல்ல காபி வருமா? கொட்டை அரைக்க, பிளேடு சுழலும் சின்ன அரைப்பான் இருக்கிறது. அதை வைத்தே சமாளிக்கலாமா?

ஒன்பது_பார்
ஜாடி மெஷினை முதலில் கழித்துவிடுங்கள். அதில் பம்ப் கிடையாது. மூடிய பாயிலரில் தண்ணீர் கொதித்து, அந்த ஆவியின் அழுத்தமே தண்ணீரைத் தூள் வழியாகத் தள்ளுகிறது. எஸ்பிரெசோவுக்குச் சுமார் 9 பார் வேண்டும். இதில் அதன் கிட்டேயே வராது. அழுத்தம் பிறக்கவே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்ட வேண்டியிருப்பதால் காபியில் கருகல் கசப்பு ஏறும். நமக்கு வேண்டிய சூடு 90 முதல் 96 டிகிரிதான். அடுப்பில் வைக்கும் மோக்கா பாட் இதைவிட நல்ல காபி தரும்.

15, 20 என்று பெட்டியில் போடுவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது சின்ன வைப்ரேஷன் பம்ப். போகும் வழியை முழுக்க அடைத்துவிட்டால் அது எவ்வளவு அழுத்தும் என்பதுதான் அந்த எண். தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் அழுத்தம் இறங்கிவிடும். எதில் போய் நிற்கும் என்பதைத் தூள் கொடுக்கும் தடைதான் தீர்மானிக்கும். நிஜமாகவே 15 பார் தூளின் மேல் விழுந்தால் தூள் இறுகி, எங்காவது ஒரு ஓரத்தில் பிளந்து, தண்ணீர் அந்தப் பிளவு வழியே ஓடிவிடும்.

அதனால் கேட்க வேண்டியது வேறு: உள்ளே ஓபிவி என்கிற அழுத்த வால்வு இருக்கிறதா, எத்தனை பாரில் வைத்திருக்கிறார்கள்? வரம்பைத் தாண்டும்போது உபரித் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிடும் வால்வு அது. 9, 10 பாரில் வைத்திருந்தால் நல்ல மெஷின். காஜியா கிளாசிக் மாதிரி மெஷினில் அந்த வால்வின் ஸ்பிரிங்கை மாற்றி அழுத்தத்தைக் குறைக்க முடியும். மலிவானவை பலவற்றில் அந்த வசதி இருக்காது.

நைஸ்_அரைப்பு
மெஷினைப் பத்தி இவ்வளவு யோசிக்கிறீங்க, அரைப்பானைக் கடைசி வரியில விட்டுட்டீங்களே. அங்கதான் காபி கெடுறதே. பிளேடு அரைப்பான் அரைக்காது, வெட்டும். ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் குருணை. தண்ணி குருணை இருக்கிற பக்கமா ஓடிடும், மாவு இருக்கிற பக்கம் அடைச்சுக்கும். ஒரே கோப்பையில புளிப்பும் கசப்பும் சேர்ந்து வர்றது அதனாலதான்.

கையில இருக்கிற தொகையைப் பாதிக்குப் பாதி பிரிங்க: பாதி மெஷினுக்கு, பாதி பர் கிரைண்டருக்கு (பர்னா பல் வெச்ச ரெண்டு வளையம், நடுவுல கொட்டையை நசுக்கி அரைக்கும்). தினம் நாலு கோப்பைதானே, கையால சுத்துற கிரைண்டரே போதும். ஒரே விலையில மோட்டார் வெச்சதை விட இதுல பர் தரமா இருக்கும், மோட்டாருக்குப் போற காசு பர்ருக்குப் போறதால. 15 கிராம் கொட்டைக்கு ஒரு நிமிஷம் பக்கமா சுத்தணும், அவ்வளவுதான்.

வாங்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க. அரைப்பு அளவை மாத்துற வளையத்தை ஒரு கிளிக் திருப்பினா பர் எவ்வளவு நகருது? 16 மைக்ரான் அல்லது அதுக்கும் கீழ இருக்கணும். நைசா அரைக்கும்னு போட்டிருந்தா மட்டும் போதாது. ஒரு கிளிக்ல காபி இறங்கற நேரம் மூணு நாலு வினாடி மாறினா சரி. 20 வினாடியிலிருந்து நேரா 40-க்குத் தாவுற கிரைண்டர்ல நடுவுல நிக்கவே இடம் இருக்காது.

வால்வு
மேலே சொன்னதோடு பாஸ்கெட்டையும், அதாவது தூள் போடும் துளையிட்ட கிண்ணத்தையும் பாருங்கள். மலிவான மெஷின்களோடு வருவது பெரும்பாலும் இரட்டைச் சுவர் பாஸ்கெட். உள்ளே நூற்றுக்கணக்கான துளைகள் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரே ஒரு ஊசித்துளை. அழுத்தத்தை உண்டாக்குவது அந்தத் துளைதான், தூள் இல்லை. அதனால் எந்தத் தூளைப் போட்டாலும் மேலே நுரை நிற்கும், ஆனால் அது கிரீமா (நல்ல எஸ்பிரெசோவின் மேல் நிற்கும் பொன்னிற நுரை) ஆகாது, சுவையும் மட்டமாகவே இருக்கும். நல்ல கிரைண்டர் வாங்குகிறவரைக்கும் அதை வைத்து ஓட்டலாம். கிரைண்டர் வந்ததும் ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறுங்கள்.

அதற்காகவே பாஸ்கெட்டின் விட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். டெலாங்கி டெடிகா 51 மில்லிமீட்டர், பிரெவில் பாம்பினோ 54, காஜியா கிளாசிக் 58. மூன்றுக்கும் ஒற்றைச் சுவர் பாஸ்கெட், டேம்பர் (தூளை அழுத்தும் கட்டை) எல்லாம் தனியாகக் கிடைக்கும். பெயர் தெரியாத மெஷினில் ஏதோ ஒரு விசித்திர அளவு இருந்தால், கூட வந்த பாஸ்கெட்டோடுதான் கடைசிவரை குடித்தனம் நடத்த வேண்டும்.

கை லீவரைப் பற்றி: கறுப்பாக மட்டும் குடிப்பதாக இருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன். பம்ப் இல்லை, ஹீட்டர் இல்லை, கெடுவதற்கு ரப்பர் வளையத்தைத் தவிர அதிகமாக எதுவும் இல்லை. அழுத்தம் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆனால் நீராவி வராது. பால் நுரைக்குத் தனிக் கருவி, தண்ணீருக்குத் தனிக் கெட்டில். உங்களுக்குப் பாதிக் கோப்பை பாலோடு என்பதால் ஸ்டீம் குழாய் உள்ள பம்ப் மெஷினே பொருந்தும்.

புதுக்கோப்பை
மூவருக்கும் நன்றி. சொன்னபடி 51 மில்லிமீட்டர் பம்ப் மெஷின், ஒற்றைச் சுவர் பாஸ்கெட், 16 மைக்ரான் கை கிரைண்டர் வாங்கியாயிற்று. 0.1 கிராம் காட்டும் தராசும் உண்டு. ஆனால் காபி சரியாக வரவில்லை. 15 கிராம் போட்டால் 30 கிராம் காபி 11 வினாடியில் இறங்கிவிடுகிறது. தண்ணியாக, நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு. பயந்து ஒரேயடியாக ஆறு கிளிக் நைசாக்கினேன்: 45 வினாடி ஆனது, ஆனால் இப்போது புளிப்போடு கசப்பும். போர்ட்டாஃபில்டரை (பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடி) கழற்றினால் தூள் வட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு துளை. இன்னொன்று, கழற்றும்போது "டப்" என்று தெறிக்கிறது.

நைஸ்_அரைப்பு
ரெண்டும் வேற வேற கோளாறு. முதல் தடவை வெறும் கொரகொரப்பு, அவ்வளவுதான். ரெண்டாவது தடவை அரைப்பு ரொம்ப நைஸ், அதோட தூளும் சமமா பரவல. அந்தத் துளைதான் சாட்சி. தண்ணி அந்த ஓட்டை வழியா குடைஞ்சு போயிருக்கு. ஓட்டையைச் சுத்தி இருந்த தூள்ல சாறு அளவுக்கு மேல இறங்கினதால கசப்பு, மிச்சத் தூள்ல தண்ணி சரியா ஏறாததால புளிப்பு.

மூணு கிளிக் திரும்பக் கொரகொரப்பா ஆக்குங்க. எடை 15 கிராம்லயே நிக்கட்டும், காபி 30 கிராம். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். தூளைப் போட்டதும் அப்படியே அழுத்தாதீங்க. 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர் தடிமன்ல நாலஞ்சு ஊசியை ஒரு கார்க்ல குத்திக்குங்க. அடிவரைக்கும் விட்டு வட்டமா கிளறுங்க, கட்டி எல்லாம் உடையும். பாஸ்கெட்டைப் பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டி மட்டமாக்கிட்டு, டேம்பரை நேரா வெச்சு அழுத்துங்க. தூள் இதுக்கு மேல இறங்கலன்னு கைக்குத் தெரியும், அங்க நிறுத்துங்க. அதுக்கு மேல எவ்வளவு பலம் போட்டாலும் வித்தியாசம் கிடையாது. சாஞ்சு அழுத்தினாத்தான் கெட்டுது: மெலிசான பக்கமா தண்ணி ஓடிடும்.

பம்ப் ஓட ஆரம்பிச்சதிலிருந்து அஞ்சு முதல் எட்டு வினாடிக்குள்ள முதல் சொட்டு விழணும். மொத்தம் 25லிருந்து 30 வினாடி. இது வந்தப்புறம் நாக்கை நம்புங்க. புளிப்பு தூக்கலா இருந்தா 33 கிராம் வரை இறங்க விடுங்க, கசந்தா 28-ல கோப்பையை எடுத்துடுங்க.

கொட்டையோட வறுத்த தேதி என்ன? வறுத்து ஒண்ணுலிருந்து மூணு வாரத்துக்குள்ள இருக்கிறது நல்லது. மாசக்கணக்கா கிடந்ததுன்னா எவ்வளவு நைசா அரைச்சாலும் கிரீமா வராது.

வால்வு
"டப்" தெறிப்பு பழுது இல்லை. விலை கூடிய மெஷின்களில் பம்ப் நின்றதும் மிச்ச அழுத்தத்தை வெளியேற்ற மூவழி சோலனாய்டு வால்வு இருக்கும். உங்களுடையதில் இல்லை. அழுத்தம் உள்ளேயே தங்குகிறது, நீங்கள் கழற்றியதும் வெடித்துக் கிளம்புகிறது. பம்பை நிறுத்தி 30 வினாடி பொறுத்து, மெல்லத் திருகிக் கழற்றுங்கள். அரைப்பு மிக நைசாக இருந்தால் இன்னும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அது சுடுதண்ணீர். இதே காரணத்தால், சோப்புப் பொடி போட்டு அடைத்துக் கழுவும் பேக்ஃப்ளஷ் முறையும் உங்கள் மெஷினுக்கு வேண்டாம்.

புளிப்புக்குச் சூடு போதாததும் காரணமாகலாம். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் தெர்மோபிளாக் நிமிடத்துக்குள் சூடாகி விளக்கு நிலையாக எரியும். ஆனால் போர்ட்டாஃபில்டர் அப்போதும் சில்லென்றே இருக்கும். வெறும் பாஸ்கெட்டோடு மாட்டி, ஒரு கோப்பை சுடுதண்ணீரை அதன் வழியாக ஓடவிடுங்கள். பிறகு இன்னொரு முறை. கோப்பையும் சூடாகிவிடும். பாஸ்கெட்டைத் துடைத்து உலர்த்திய பிறகே தூள் போடுங்கள்.

ஒன்பது_பார்
இன்னொன்று: கோப்பைப் படம் போட்ட பொத்தானை நம்பி நிறுத்தாதீர்கள். அது கணக்கிடுவது தூளுக்குள் போகும் தண்ணீரை, கோப்பையில் விழுவதை இல்லை. தராசில் கோப்பையை வைத்து, 28 கிராம் காட்டும்போது கையால் நிறுத்துங்கள். மிச்சச் சொட்டு விழுந்து 30 ஆகிவிடும்.

புதுக்கோப்பை
இப்போது 15 கிராமுக்கு 31 கிராம், 27 வினாடி. முதல் சொட்டு ஏழாவது வினாடியில். புளிப்பு அடங்கி இனிப்பு தெரிகிறது. தூள் வட்டும் துளையில்லாமல் கழன்று வருகிறது. பால் போடும்போது மட்டும் ஒரு சந்தேகம்: நுரை அடித்துவிட்டு அடுத்த எஸ்பிரெசோ போட்டால் அது கருகிப்போன மாதிரி இருக்கிறது.

வால்வு
காபிக்கும் நீராவிக்கும் ஒரே ஹீட்டர்தான். நீராவிக்காக ஏறிய சூடு இறங்குவதற்குள் தண்ணீர் விட்டிருக்கிறீர்கள். இரண்டு கோப்பை என்றால் இரண்டு எஸ்பிரெசோவையும் முதலில் இறக்கிவிட்டு, பிறகு பாலுக்குப் போங்கள். முதல் சில வினாடி குழாயின் முனை பாலின் மேல்பரப்பை ஒட்டியே இருக்கட்டும், காற்று ஏறும் சத்தம் கேட்கும். பாத்திரம் வெதுவெதுப்பானதும் முனையை உள்ளே அமிழ்த்திப் பாலைச் சுழலவிடுங்கள். 60 டிகிரியில் நிறுத்த வேண்டும், பாத்திரத்தைக் கையால் பிடிக்க முடியாமல் போகும் இடம் ஏறக்குறைய அதுதான்.

அதற்குப் பிறகும் ஒரு எஸ்பிரெசோ வேண்டுமென்றால், போர்ட்டாஃபில்டர் இல்லாமல் பம்பை ஓட்டுங்கள். முதலில் ஆவியோடு சீறிக்கொண்டு வரும். சீறல் அடங்கித் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கும்போது நிறுத்தி, சூடு நிலைப்பட்டதை விளக்கு காட்டியதும் தூளை மாட்டுங்கள்.