அப்டேட்: மஞ்சளான கிச்சிலி சம்பா நெல்லு இப்போ எப்படி இருக்கு

போன மாசம் போட்டிருந்தேன்ல, நட்டு 20 நாள்ல பயிர் மஞ்சளடிச்சுப் போச்சு, இயற்கையை விட்டுட்டு ஒரு மூட்டை யூரியாவை வீசிரலாமான்னு. வீசலை. ஆனா தப்பு என்னோடதுதான்.

ஒரு குத்தைப் புடுங்கிப் பாத்தா வேரெல்லாம் கறுப்பு, கூமுட்டை நாத்தம், சேத்துக்குள்ள தக்கைப்பூண்டு (நடவுக்கு முன்னாடி உரத்துக்காக வெதச்சு மடக்கி உழுற செடி) தண்டு குச்சி குச்சியா அப்படியே கெடக்கு. பூ எடுக்கிற பதத்துல, 45 நாள்ல மடக்கி உழுதிருக்கணும், நான் டிராக்டர் கெடைக்கலன்னு 65 நாள் விட்டுட்டேன், தண்டு முத்தி நாராயிடுச்சு, அதை மக்க வைக்கிற நுண்ணுயிர் மண்ணுல இருந்த தழைச்சத்தையும் சேத்து இழுத்துக்கிச்சு, பத்தாததுக்கு மடக்கி உழுத நாலே நாள்ல நடவு வேற! ரெண்டு வாரமாச்சும் விட்டிருக்கணும்.

செஞ்சது பெருசா ஒண்ணுமில்ல. தண்ணிய வடிச்சு மயிர்க்கோடா வெடிப்பு விடுற வரைக்கும் காயப் போட்டேன் (எங்க சித்தப்பா வரப்புல நின்னு "வயலக் கொல்றியாடா"ன்னு ஒரே சத்தம்), அப்புறம் தண்ணி கட்டி கோனோவீடர் (கையால தள்ளுற களையெடுக்கிற கருவி) ரெண்டு தடவை, 200 லிட்டர் ஜீவாமிர்தம் (சாணி, கோமியம், வெல்லமெல்லாம் கலந்து புளிக்க வச்ச கரைசல்) பாசனத்தோட, கூடவே ஊற வச்ச கடலைப்புண்ணாக்கு.

பத்து நாள்ல புது வேர் வெள்ளையா எறங்கிடுச்சு. தூர் (குத்துல கெளைச்சு வர்ற தண்டு) மட்டும் கம்மிதான், குத்துக்கு 12, 13 இருக்கும். ஜீவாமிர்தத்தாலதான் தேறுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், காயப்போட்டதுதான் பாதி வேலையச் செஞ்சிருக்கும்னு தோணுது.

அறுப்பு முடிஞ்சதும் மூட்டைக் கணக்கு போடுறேன்.