2004 கூனவாரா வைன்: பழுதாகிவிட்டதா?

கொக்குவிலான்:
அண்ணை மெல்பேர்ணிலிருந்து வரும்போது ஒரு போத்தல் வைன் கொண்டுவந்தார். தென் அவுஸ்திரேலியாவின் கூனவாராவில் விளைந்தது, 2004, கேபர்னே சோவிஞ்ஞோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சையும் கலந்தது. இத்தனை வருடமும் படுக்கவைத்துப் பாதுகாத்தாராம். நேற்றுப் பின்னேரம் திறந்தோம். தக்கை பாதியில் முறிந்து தூள் உள்ளே விழுந்தது. முதல் வாய் சாராயம் போலத் தொண்டையை எரித்தது. கிளாஸின் அடியில் கோப்பி மண்டி மாதிரிக் கறுப்பாகக் கிடந்தது. அண்ணையின் முகம் வாடிவிட்டது. மிச்சத்தை அடைத்து பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஊற்றிவிடவா?

உரும்பிராய் அக்கா:
ஊற்றிவிடாதையுங்கோ தம்பி! அடிலெய்டில் வைன் கடையில் பல வருடம் நின்றவள் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த மண்டி பழுது இல்லை. திராட்சைத் தோலின் துவர்ப்பும் நிறமும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் இறங்குகின்றன. அதனால்தான் பழைய வைன் வாயைக் கட்டாமல் மெத்தென்று இருக்கும். போத்தலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து, அசைக்காமல் மெதுவாக ஊற்றியிருக்க வேண்டும். பழைய தக்கை முறிவதும் வழமைதான். தூளைத் தேத்தண்ணி வடியால் வடித்துவிடலாம்.

எரிவுக்குக் காரணம் எங்கள் வெக்கை. இந்த வைன்களில் மதுசாரம் 14 வீதமளவில் இருக்கும். 32 பாகையில் அதுதான் மூக்கில் முதலில் ஏறும், மற்ற மணமெல்லாம் அமுங்கிப்போகும். 16, 17 பாகைக்குக் கொண்டுவாருங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் சரி. வினாகிரி மணமோ நனைந்த காட்போட் மட்டை மணமோ வந்தால் மட்டும் கைவிடுங்கள். ஆனால் இன்றைக்கே குடித்து முடியுங்கள். திறந்த பழைய வைன் நாள் கடத்தாது.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூனவாராவில் சுண்ணக்கல்லுக்கு மேலே சிவந்த மண். முதன்முதல் அங்கே போனபோது குனிந்து ஒரு பிடி அள்ளினேன். எங்கள் வீட்டு வெங்காயத் தோட்டத்துச் செம்பாட்டு மண்ணேதான்! அதே நிறம், கையில் அதே ஒட்டு. ஆனால் அங்கே குளிர். பழம் ஆறுதலாகப் பழுக்கும்.

சுன்னாகம் தோட்டக்காரன்:
உறைப்பான கறியோடு வேண்டாம். மிளகாய் உறைப்பு மதுசாரத்தின் எரிவைக் கூட்டும். ஆட்டிறைச்சியை மிளகு போட்டுப் பிரட்டுங்கள், உப்பும் அளவாக.

கொக்குவிலான்:
அக்கா சொன்னபடியே செய்தோம். இருட்டினபிறகு, முற்றத்தில் இருந்து குடித்தோம். இது நேற்றைய வைனே இல்லை! விளிம்பில் செங்கல் நிறம். முதலில் யூக்கலிப்டஸ் தைலத்தைத் தூரத்தில் வைத்ததுபோல ஒரு குளிர்ச்சியான மணம், அதன்பிறகு நாவற்பழம். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் வேறொரு மணம் எழுந்தது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. அண்ணைதான் சொன்னார்: "அப்பு பாடம் போட்ட புகையிலையடா." உண்மைதான், அப்பு புகையிலையைப் பதப்படுத்தும் கொட்டிலுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும், பாக்குச் சீவலை வாயில் அடக்கியதுபோல. விழுங்கிய பிறகும் நெடுநேரம் நின்றது.

மிளகு இறைச்சி நன்றாகப் பொருந்தியது. அண்ணையிடம் அதே வருடத்துப் போத்தல் இன்னும் ஒன்று இருக்கிறதாம். அடுத்த முறை கொண்டுவந்தால் முதல்நாளே நிமிர்த்தி வைப்பேன். அக்கா, அன்றைக்கு நீங்களும் வர வேண்டும்.