மறு: ‘தொடக்க உற்பத்திக் கூறு’ சரிவராது, ‘முன்பட்டக் கூறு’ என்போமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் சேர்ந்து தொகுக்கும் துப்பாக்கிச் சொற்பட்டியலில், மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் ‘ஸ்னைப்பர்’ துப்பாக்கிக்குக் ‘குறிசூட்டுத் துப்பாக்கி’ என்ற சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டாயிற்று. ஈழத்து நண்பர் நினைவூட்டிய ‘பதுங்கிச் சூடு’ அந்தத் தாக்குதலுக்குப் பெயர், கருவிக்கு அல்ல. அதை மறுபடி கிளற வேண்டாம். சிக்கல் அடுத்த பதிவில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் குறிசூட்டுத் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர் முதலில் கேட்பது, இது முந்திச் செய்ததா பிந்திச் செய்ததா என்பதுதான். அதைக் காட்டிக்கொடுக்கும் உறுப்புக்கும் முத்திரைக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும்.

> ‘தொடக்க உற்பத்திக் கூறு’ என்று நேராகச் சொன்னால் என்ன குறை? எல்லோருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். ‘தொடக்கம்’ என்றதும் படிப்பவர் மனம் ஒரு ஆண்டைத் தேடும். ஜெர்மன் காலாட்படையின் வழக்கமான துப்பாக்கியான 98கே 1935ல் படைக்கு ஏற்கப்பட்டது, அதனால் தொடக்க உற்பத்தி என்றால் 1935, 1936 என்று எண்ணிவிடுவார். நெக்கார் ஆற்றங்கரையில் ஓபெர்ண்டோர்ஃப் ஊரிலிருந்த மௌசர் ஆலைக்கு அது ஏறக்குறையச் சரி. எஸ்/42 என்ற ஆலைக்குறியோடு 1934ஐக் ‘கே’ என்றும் 1935ஐ ‘ஜி’ என்றும் ஒற்றை எழுத்தால் மறைத்துப் பொறித்தவர்கள் அவர்கள். ஆனால் புரூன் ஆலை, அதாவது இன்றைய செக் நாட்டின் பர்னோ, ‘டிஓடி’ குறியோடு 98கே செய்ய இறங்கியது 1943ல்தான். அந்த ஆலையின் முதல் துப்பாக்கிகள் மௌசர் கணக்கில் ஏறக்குறையக் கடைசி. இவற்றை ‘தொடக்க உற்பத்தி’ என்பதா, ‘இறுதி உற்பத்தி’ என்பதா?

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு கழுகு முத்திரையில் இருக்கிறது. ஜெர்மன் படைக்கல அலுவலகத்தின் ஆய்வாளர் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு சின்னக் கழுகும் எண்ணும் குத்துவார். ஓபெர்ண்டோர்ஃபில் இந்த எண் 63, பிறகு 655, பிறகு 135 என்று மாறிக்கொண்டே போகிறது. அதனால் மௌசர் துப்பாக்கியில் 63ஐப் பார்த்தால் பெரும்பாலும் முப்பதுகளில் செய்தது என்று சட்டெனச் சொல்லிவிடலாம். அதே 63, புரூன் ஆலையின் 1943, 1944ஆம் ஆண்டுத் துப்பாக்கிகளிலும் இருக்கிறது! ஓரிடத்தில் முந்தியதன் அடையாளம், இன்னோரிடத்தில் போரின் பிற்பாதி. ஆகவே நமக்கு வேண்டிய சொல் ஆண்டைச் சொல்லக் கூடாது. அந்தந்த ஆலையின் வரிசைக்குள் முந்தியது, பிந்தியது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

> ‘முன்னுற்பத்தி’ சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான். ஆனால் உற்பத்திக்கு முன்னால் செய்து பார்த்தவை என்ற பொருளே அதில் முந்திக்கொண்டு வரும். அந்தப் பொருளுக்கும் நமக்குத் தனியே ஒரு சொல் வேண்டும். தேர் செய்து முடித்ததும் விடுவோமே, வெள்ளோட்டம், அது இதற்குக் கச்சிதம். தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியை ஜெர்மன் படை கேட்டபோது மௌசரும் வால்தர் நிறுவனமும் ஆளுக்கொன்று செய்து கொடுத்தார்கள், இரண்டுக்கும் ஜி41 என்றே பெயர். படையில் விட்டுப் பார்த்ததில் மௌசருடையது நிற்கவில்லை. வால்தருடையதும் அழுக்கடைந்து திணறவே, சோவியத் தொகரேவ் துப்பாக்கியின் வளிம இயக்கத்தை (குண்டு வெடிக்கும்போது எழும் வளிமத்தின் அழுத்தத்தால் இயங்கும் முறையை) பார்த்து ஜி43 பிறந்தது. மௌசரின் ஜி41ஐ ‘வெள்ளோட்டத் துப்பாக்கி’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

(இடையில் ஒன்று: அதே ஜி43, 1944ல் கே43 என்று பெயர் மாறியது. மாறியது பெரும்பாலும் பெயர்தான். பெயரை மட்டும் வைத்து முந்தியது பிந்தியது என்று பிரிக்க வேண்டாம்.)

சரி, இனி என் முன்மொழிவு. முன்பட்டம், பின்பட்டம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பட்டம்தான். கடலையை முன்பட்டத்தில் போட்டேன், எள்ளுக்குப் பின்பட்டம் என்று எங்கள் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். இந்தச் சொல்லின் அழகே அதற்கு நிலையான தேதி இல்லை என்பதுதான். மானாவாரிக் காட்டுக்கு ஒரு முன்பட்டம், கிணற்றுப் பாசனத்துக்கு ஒரு முன்பட்டம். ஒரு மாவட்டத்தின் முன்பட்டம் அடுத்த மாவட்டத்தில் பின்பட்டமாக இருக்கலாம், யாரும் குழம்புவதில்லை. மௌசரின் முன்பட்டம் முப்பதுகளில், புரூனின் முன்பட்டம் 1943ல். மேலே நான் இரண்டு பத்தி எழுதி விளக்கியதை இந்தச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

பயிர்ச்சொல்லை இரும்புக்குக் கொண்டுவருவதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜெர்மானியரே அப்படித்தான் செய்கிறார்கள். இந்தத் துப்பாக்கிகளைப் பற்றி அவர்கள் பேசும்போது சொல்லும் ‘ஃப்ரூ’ என்ற அடைமொழியும், சந்தையில் முதலில் வரும் உருளைக்கிழங்கை ‘ஃப்ரூகார்டோஃபெல்’ என்பதில் உள்ள ‘ஃப்ரூ’வும் ஒன்றே. முன்பட்ட உருளை, முன்பட்டத் துப்பாக்கி.

இந்தச் சொல் குறிசூட்டுத் துப்பாக்கிக்கு எவ்வளவு தேவை என்பது எனக்கு ஒரு மேசையருகே நின்றபோதுதான் உறைத்தது. உரிமம் உள்ள சேகரிப்பாளர் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று முப்பதுகளில் செய்த சாதாரண மௌசர். வால்நட் கட்டை, கை பட்டுப் பட்டு மினுமினுத்தது. அடித்தகடு தட்டை. குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பூண், உலக்கைப் பூண் போல, எஃகிலிருந்து மில்லிங் செய்து எடுத்தது. விரலால் தடவினால் ஒரு பிசிறு இல்லை. கட்டையின் பின்பகுதியில் காலணா அளவில் ஒரு எஃகு வில்லை. குண்டை ஏற்றிப் பூட்டும் போல்ட்டைப் பிரித்துக் கழற்றும்போது, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியை அதில் ஊன்றிக்கொள்வதற்காம். சின்னச் சின்ன உறுப்பில்கூட வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள். நகம் அளவு இடம் கிடைத்தாலும் எண் குத்தியிருக்கிறார்கள்.

மற்றது பிசிடி குறி. வைமர் நகரத்துக் குஸ்ட்லோஃப் ஆலை, 1944. கட்டை பீச் மரத் தகடுகளை ஒட்டி அழுத்தியது, பக்கவாட்டில் பார்த்தால் கோடு கோடாக ஓடுகிறது. ஒட்டுக்கட்டையின் ஓரம் பிளக்காமல் இருக்க அடித்தகடு கிண்ணம் போல மடிந்து கட்டையைக் கவ்விக்கொள்கிறது. பூண் தகட்டை அடித்து வளைத்தது. வட்ட வில்லை போய், அடித்தகட்டின் பக்கத்திலேயே ஒரு துளை. எண் குத்தாத உறுப்புகள் ஏராளம். எல்லாமே பின்பட்டத்தின் அடையாளம். ஆனால் இடப்பக்கத்தில் நீளச்சட்டத் தாங்கி, அதன்மேல் நான்கு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி. இந்த நீளச்சட்டம் குறிசூட்டுத் துப்பாக்கிகளில் வந்ததே 1944ல்தான்.

அதாவது துப்பாக்கி பின்பட்டம், தாங்கி முன்பட்டம். ஒரே பொருளில் இரண்டு கடிகாரம். ‘தொடக்க உற்பத்திக் குறிசூட்டுத் துப்பாக்கி’ என்று எழுதினால் படிப்பவர் வால்நட் கட்டையைத் தேடுவார், காணாவிட்டால் போலி என்று ஒதுக்கிவிடுவார். ‘பின்பட்டத் துப்பாக்கியில் முன்பட்டத் தாங்கி’ என்று எழுதினால் ஐந்து வினாடியில் விளங்கும். சேகரிப்பாளருக்கு இதை வாய்மொழியாகச் சொல்லி விளக்கினேன். அவர் உருளைக்கிழங்கைச் சொல்லிச் சிரித்து ஒப்புக்கொண்டார்.

இசட்எஃப்41க்கும் இது பொருந்தும். ஒன்றரை மடங்கு மட்டுமே பெரிதாக்கும் அந்தச் சின்னத் தொலைநோக்கி, கண்ணிலிருந்து நன்றாகத் தள்ளி, குறிபார்க்க உதவும் பின்குறியின் அடித்தளத்தில் இடப்பக்கம் சீவிய சட்டத்தில் உட்காரும். தொலைநோக்கிக்கே இசட்எஃப்40, 41, 41/1, 41/2 என்று தனி வரிசை உண்டு. அதன் முன்பட்டமும் துப்பாக்கியின் முன்பட்டமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

> எங்கட பக்கம் காலபோகம், சிறுபோகம் எண்டுதான் சொல்லுவம். பட்டம் எண்டால் தைப்பொங்கலுக்கு ஏத்துற பட்டம்தான் நினைவுக்கு வரும். முன்போகம் எண்டு வைக்கலாமே?

இது நியாயமான மறுப்பு, இரண்டு நாள் யோசித்தேன். போகம் என்பது எத்தனையாவது விளைச்சல் என்பதைச் சொல்கிறது. ஒரு போகம் முடிந்து அறுத்து, மறுபடி உழுதுதான் அடுத்த போகம். ஆலையிலோ அறுவடை இல்லை. பூண் மாறிய அன்று கட்டை மாறவில்லை, கட்டை மாறிய அன்று முத்திரை மாறவில்லை, பழைய பூண் தீரும்வரை புதியதோடு கலந்தே போயிருக்கிறது. ஒரே விளைச்சலுக்குள் முந்தி விதைத்தது, பிந்தி விதைத்தது என்று பிரிப்பதற்குப் பட்டம்தான் இசைகிறது. வானில் ஏறும் பட்டத்தை யாரும் முன்பட்டம், பின்பட்டம் என்று சொல்லாததால் கூட்டுச்சொல்லில் மயக்கம் வராது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஈழ வழக்கில் காதுக்கு ஒட்டவே ஒட்டாது என்றால் நீங்கள் தயங்காமல் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டு வழக்கை மட்டும் பார்த்து முடிவுசெய்ய எனக்கு விருப்பமில்லை.

அப்புறம் இன்னொரு சொல். பொதுவாக ஆலைகள் ஆண்டுதோறும் வரிசை எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கும். நான்கு இலக்கம் நிரம்பியதும் மறுபடி ஒன்று, கூடவே ‘ஏ’ என்ற எழுத்து. அதுவும் நிரம்பினால் ‘பி’. இந்தப் பத்தாயிரத் தொகுதிக்கு ‘அடுக்கு’, ‘கட்டம்’, ‘தொகுப்பு’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ‘ஈடு’ பிடித்திருக்கிறது. இட்லிப் பானையில் ஒரு தடவை வேகவைத்து எடுப்பதை ஒரு ஈடு என்கிறோமே, அதே ஈடு. ‘ஏ ஈடு’, ‘பி ஈடு’, எழுத்தில்லாததற்கு ‘வெற்றீடு’. முதல் ஈடு என்று மட்டும் சேர்த்து எழுத வேண்டாம், ‘முதலீடு’ ஆகிவிடும்! ‘1943 மௌசர், பி ஈடு’ என்றால் அந்த ஆண்டில் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். முன்பட்டக் கூறு இத்தனையாவது ஈட்டோடு நின்றது என்று எழுதவும் வாக்கியம் வழுக்கிக்கொண்டு வருகிறது.

> போலிகளுக்கு என்ன சொல்? விலை ஏறியதால் சாதாரணத் துப்பாக்கியில் தாங்கியைப் பொருத்தி விற்பவர்கள் அதிகம்.

இதற்கு நாம் சொல் ஆக்கவே வேண்டாம், பதிப்பாசிரியர்கள் நமக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: இடைச்செருகல். ஏட்டில் பின்னால் வந்தவர் நுழைத்த பாட்டும், துப்பாக்கியில் பின்னால் வந்தவர் நுழைத்த தாங்கியும் ஒரே வகைத் தப்பு. கண்டுபிடிக்கும் முறையும் ஒன்றுதான், சுற்றியுள்ள நடையோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பது. நீளச்சட்டத் துப்பாக்கியில் இது ஓரளவு எளிது. அந்தத் தாங்கிக்காக ரிசீவரின் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடலின்) இடச்சுவரை ஆலையிலேயே தடிமனாக விட்டிருக்கிறார்கள். மெலிந்த சுவரைப் பின்னால் யாரும் தடிமனாக்க முடியாது. குறுஞ்சட்டம் என்ற இன்னொரு வகைத் தாங்கி சாதாரண ரிசீவரிலேயே ஏறுவதால் அங்கேதான் இடைச்செருகல் மலிந்திருக்கிறது. நல்ல தாங்கியில் பெரிய திருகுகள் தளராமல் இருக்க விளிம்பைக் கடித்துக்கொண்டு சின்னப் பூட்டுத்திருகுகள் இருப்பதை அந்த மேசையில் பார்த்தேன். திருகின் பள்ளத்தில் பழைய கருநீலப் பூச்சு அப்படியே இருந்தது. அங்கே எஃகு வெள்ளையாகத் தெரிந்தால் கையைப் பின்னால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது சொல்லைப் பற்றியது அல்ல. பட்டியலில் பிசிடி என்ற ஆலைக்குறியின் பதிவில் ‘குஸ்ட்லோஃப் ஆலை, வைமர்’ என்று மட்டும் இருக்கிறது. அந்த நிறுவனம் புகன்வால்ட் வதைமுகாமை ஒட்டியே ஒரு ஆலை வைத்துக் கைதிகளைக் கொண்டு துப்பாக்கி வேலை வாங்கியது. 1944 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அதைக் குண்டுவீசி அழித்தபோது கைதிகள் பலர் இறந்தார்கள். சீவல் கோடு தெரியும் எஃகையும் எண்ணில்லாத உறுப்பையும் ‘பின்பட்டக் கூறு’ என்று நாம் பெயர் வைத்துப் பேசும்போது, அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதும் அதே பதிவில் ஒரு வரி இருக்க வேண்டும். வரியை நான் எழுதி அனுப்புகிறேன்.

‘முன்பட்டம்’, ‘ஈடு’, ‘வெள்ளோட்டம்’, ‘இடைச்செருகல்’ நான்கையும் வரும் ஞாயிறுவரை திறந்தே வைத்திருப்போம். ஈழத்து நண்பரின் பதிலுக்குக் காத்திருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் இழையில் இருக்கிறார் என்று நினைவு. மில்லிங் செய்த பூணையும் தகட்டில் அடித்த பூணையும் பட்டறையில் ஒரே சொல்லில் எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்? நான் ‘கடைபூண்’, ‘தகட்டுப்பூண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், கடைசலும் மில்லிங்கும் வேறு வேறு வேலை என்பதால் முதல் சொல்லில் எனக்கே திருப்தி இல்லை.

அன்புடன்